வீட்டில் மாடு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை

கொழும்பில் மழை பெய்து ஓய்ந்தபின் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அதை டெங்கு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வோம். அப்படி எடுத்துக்கொள்வது சரி. டெங்குவை ஒரு நாள் கவனிக்காமல் விட்டாலும் உயிர் போகலாம். நான் வேலை செய்யும் லாப்பில் ஜூன், ஜூலை மாதங்களில் விடிந்ததுமே வரிசை தொடங்கிவிடும். இரத்தம் கொடுத்த கையோடு பிளேட்லெட் எத்தனை என்று கேட்டு நிற்பார்கள். எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் முகம் தெளியும். பனடோலோடு வீட்டுக்குப் போவார்கள்.

டெங்கு இல்லை என்று தெரிந்த பிறகும் காய்ச்சல் விடாதவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை இந்த நகரத்தில் அநேகமாக யாரும் கேட்பதில்லை. என் சித்தப்பாவிடம் அதைக் கேட்க மாதக்கணக்கானது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொழும்பில் மாடா என்பவர்கள் மட்டக்குளி, முகத்துவாரம், கொலன்னாவைப் பக்கம் காலையில் போய்ப் பார்க்கலாம். களனி கங்கையைத் தாண்டி வத்தளை, ஹெந்தளைக்குள் போனால் மதிலுக்குப் பின்னால் கொட்டில் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. சித்தப்பா 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு கோண்டாவிலை விட்டு வந்தவர். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதி ஓய்ந்தபின், ஹெந்தளையில் இருந்த சின்ன வளவில் மாடு கட்டினார். ஊரில் விட்டு வந்த எதையும் அவர் அதிகம் பேசியதில்லை. கொட்டிலைப் பற்றி மட்டும் பேசுவார். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போத்தலில் பால் கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் ஒரு செம்பு போகும்.

போன வருடம் ஒரு தரகர் மூலம் கிழக்குப் பக்கத்து மந்தையிலிருந்து ஒரு சினைமாடு வாங்கினார். வெள்ளைச்சி என்று பெயர் வைத்தார்கள். நல்ல உடம்பு, சாதுவான மாடு. ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது, கரு குறைமாதத்தில் விழுந்துவிட்டது. இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழவில்லை. ஒரு பகல் முழுக்கப் பார்த்துவிட்டு, சித்தப்பா கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு அதை உள்ளே கைவிட்டு எடுத்தார். புல் அரிந்தபோது விரலில் பட்ட காயம் அப்போது முழுதாக ஆறியிருக்கவில்லை. கூட நின்று வாலைப் பிடித்துக்கொண்டவன், கொட்டிலில் உதவிக்கு இருந்த பதுளைப் பக்கத்துப் பெடியன்.

இளங்கொடியை என்ன செய்வது என்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. வைக்கோலோடு சேர்த்துப் பழைய சாக்கிலோ கடகத்திலோ கட்டி, ஆலமரக் கிளையில் தொங்கவிடுவார்கள். ஆலில் பால் வடிவதால் மாட்டுக்கும் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. நாய் இழுத்துத் தின்றால் மாட்டுக்கு ஆகாது என்றும் சொல்வார்கள். அந்த இரண்டாவது பேச்சில் எனக்கு மரியாதை உண்டு. கன்று வீசிய மாட்டின் கொடியை நாய் இழுத்துக்கொண்டு திரிந்தால் தொற்று வளவு வளவாகப் போகும், நாய்க்கும் வரும். ஆனால் கட்டுகிற கை வெறுங்கை. குறைமாதத்தில் விழுந்த கொடிக்கும் அதையே செய்தார்கள். ஹமில்டன் கால்வாய்க் கரையில் இருந்த ஓர் ஆலமரத்துக்குச் சாக்கைக் கொண்டுபோனதும் அந்தப் பெடியன்தான்.

சில வாரம் கழித்துச் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. காலையில் எழும்பினால் ஒன்றுமில்லை, பல் துலக்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போவார். பின்னேரம் ஆனால் ஏறும். இரவில் சாரமும் விரிப்பும் நனையும் அளவுக்கு வியர்க்கும். அந்த வியர்வையில் ஈர வைக்கோலின் நெடி அடிக்கிறது என்று சின்னம்மா சொன்னபோது, கொட்டில் வாசம் ஒட்டியிருக்கும் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். இந்த நோயின் வியர்வை அப்படித்தான் மணக்கும் என்று மருத்துவப் புத்தகங்களிலேயே எழுதியிருக்கிறது.

“பிள்ளை, எலும்புக்குள்ள ஆரோ குளிர்தண்ணி ஊத்தின மாதிரிக் கிடக்கு” என்று என்னிடம் ஒருநாள் போனில் சொன்னார்.

டெங்கு பார்த்தார்கள், இல்லை. தைபொயிட் பார்த்தார்கள். 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த நாட்டில் மலேரியாவும் பார்த்தார்கள். அப்புறம் இடுப்பு வலி தொடங்கியது. வயதுக்கு வருவது என்றார் ஒருவர். இன்னொருவர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். தனியார் ஆஸ்பத்திரிகளில் ஒருவர் மாற்றி ஒருவராக நிபுணர்களை சனல் பண்ணினார்கள். ஒவ்வொருவரும் ஒரு பரிசோதனை எழுதினார்கள். ஸ்கேனில் இடுப்பு முள்ளெலும்பு ஒன்றில் மாற்றம் தெரிந்ததும் எலும்புக் காசநோயாக இருக்கலாம் என்ற பேச்சு வந்தது. காசநோய் மருந்தைத் தொடங்கியிருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கும். அதில் உள்ள ரிஃபாம்பிசின் சித்தப்பாவின் உண்மையான நோயையும் கொஞ்சம் அடக்கக்கூடியது. ஆள் தேறுகிறார் என்று தோன்றும், பிறகு திரும்ப வரும்.

விதைப்பையில் வீக்கமும் வலியும் இருந்ததைச் சித்தப்பா யாரிடமும் சொல்லவில்லை. சின்னம்மாவுக்கே தெரியாது. வெட்கம். அறுபத்தைந்து வயது மனிதர், ஐந்து நிமிடத்தில் அடுத்த ஆளைக் கூப்பிடும் அறையில் அதை எப்படிச் சொல்வார்?

கடைசியில் ஓர் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில், முன்பு அநுராதபுரத்தில் நீண்டகாலம் வேலை செய்த ஒரு சிங்கள டொக்டர் அம்மா அவரைப் பார்த்தார். ரிப்போர்ட் கட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டச் சொன்னாராம். நகத்தையும் உள்ளங்கைக் காய்ப்பையும் பார்த்துவிட்டு, “வீட்டில் மாடு ஆடு ஏதும் இருக்கிறதா?” என்றார். இருக்கிறது என்றதும், “ஏதாவது கன்று வீசியதா?” என்றார். சித்தப்பாவுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. இந்த மாடு எப்படி இடுப்பு வலிக்குள் வந்தது என்று சின்னம்மாவைப் பார்த்திருக்கிறார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், வீக்கத்தையும் சேர்த்து.

புரூசெல்லோசிஸ். நான் லாப்பில் பார்ப்பது பெரும்பாலும் இரத்தக் கணக்கு. இந்தப் பெயர் எனக்கு நுண்ணுயிரியல் பாடத்தில் படித்த பெயர். அன்றிரவு பழைய குறிப்புகளை எடுத்து உட்கார்ந்தேன். புரூசெல்லா மிகச் சிறிய பக்டீரியா. உடம்பில் கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய அணுக்களுக்குள்ளேயே போய் ஒளிந்து வாழும். அதனால்தான் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, மருந்தும் நீண்ட நாள் வேண்டியிருக்கிறது. மாடு ஆடுகளின் இளங்கொடியில் எரித்ரிட்டோல் என்ற ஒரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது. இந்தக் கிருமிக்கு அது நல்ல தீனி. அங்கே கோடிக்கணக்கில் பெருகிக் கன்றை வீச வைக்கும். கன்று வீசிய மாட்டின் கொடியும் நீரும்தான் இந்த நோயில் ஆபத்து மிக அதிகமாக உள்ள பொருள். அதற்குள்தான் சித்தப்பாவின் காயம்பட்ட விரல் போயிருக்கிறது.

இந்த நோயின் கதையிலும் சரியான கேள்வி வரத் தாமதமானது. மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில் பிரித்தானியச் சிப்பாய்கள் இப்படியே மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தார்கள். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர், இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. காற்று, சாக்கடை, கொசு என்று தேடிக்கொண்டே பதினெட்டு வருடம் போனது. 1905இல் தெமிஸ்டோக்லிஸ் சம்மிட் என்ற மால்டா நாட்டு மருத்துவர் ஆட்டின் இரத்தத்தைச் சோதித்தார். வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து பால் கறந்து கொடுத்த ஆடுகள் அவை. பார்வைக்குச் சுகமாகத்தான் இருந்தன. அடுத்த ஆண்டு படை முகாம்களில் ஆட்டுப்பாலை நிறுத்தியதும் சிப்பாய்களிடம் நோய் சரிந்தது.

அமெரிக்காவில் அலிஸ் எவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி 1918இல், மாட்டைக் கன்று வீச வைக்கும் கிருமியும் மால்டாக் காய்ச்சல் கிருமியும் நெருங்கிய உறவு என்று எழுதினார். பச்சைப்பால் ஆபத்து என்றும் எச்சரித்தார். கலாநிதிப் பட்டம் இல்லை, பெண் வேறு என்று அவரை நம்ப மறுத்தார்கள். 1922இல் ஆய்வுகூடத்திலேயே அவருக்குத் தொற்றியது. பல வருடம் அவதிப்பட்டார். அந்த நோயை ஆராய்ந்த அவருக்கே, நரம்புத் தளர்ச்சி, மனப்பிரமை என்று சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கும் ஒரு கட்டத்தில் நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்தார்கள்.

செய்தி தெரிந்ததும் பால் வாங்கிய வீடுகளில்தான் முதலில் பயம் பிடித்தது. நான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினேன். நாங்கள் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கிறவர்கள். 72 பாகை வெப்பத்தில் 15 விநாடி போதும் இந்தக் கிருமி சாக. தயிரும் காய்ச்சிய பாலில்தான் உறை ஊற்றுகிறோம். அந்தப் பழக்கம் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு எங்கள் கிழவிகளைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் கறந்த சூட்டோடு ஒரு மிடறு குடித்தால் உடம்புக்குப் பலம் என்ற நம்பிக்கையும் எங்களிடம் இருக்கிறது. சித்தப்பா அதைத் தினமும் செய்தவர். கறந்த சூடு என்பது மாட்டின் உடம்புச் சூடு. அதில் கிருமி சுகமாக இருக்கும்.

பிறகு கோயில். அபிஷேகத்துக்குப் பச்சைப்பால்தான் போகிறது. அதையே பிறகு தீர்த்தமாகக் கையில் வார்க்கிறார்கள். பிள்ளைகள் குடிக்கிறார்கள், கர்ப்பிணிகள் குடிக்கிறார்கள். புரூசெல்லா கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கக்கூடியது. இதைச் சொல்லப் போனால் சண்டை வருமோ என்ற யோசனையோடுதான் போனேன். ஐயர் முழுதாகக் கேட்டார். அபிஷேகம் இருக்கிறபடி நடக்கட்டும், குடிக்கக் கொடுப்பதற்கு மட்டும் மடப்பள்ளியில் காய்ச்சி ஆற வைத்த பாலைத் தனியாக வைப்போம் என்றார். அடுத்த வெள்ளியே அப்படிச் செய்தார். மற்றக் கோயில்களிலும் யாராவது இப்படிப் போய்ப் பேசினால் நடக்கும் என்றே நம்புகிறேன்.

வெள்ளைச்சியின் விஷயம்தான் கடினமானது. அரச மிருக வைத்தியர் வந்து எல்லா மாட்டிலும் இரத்தம் எடுத்தார். வெள்ளைச்சிக்குத் தொற்று இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை. இதற்கு மனிதருக்கு மருந்து உண்டு. மாட்டுக்கு மருந்து கொடுத்துக் குணமாக்குவது நடைமுறையில் இல்லை. இன்னொரு விஷயத்தை மாடு வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தொற்றிய மாடு பெரும்பாலும் ஒரு முறைதான் கன்று வீசும். அடுத்த சினை நல்லபடியாக நின்று, நல்ல கன்றும் போடும். சுகமாகிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு ஈற்றிலும் கிருமி வெளியே வரும், பாலிலும் வரும்.

வசதியான நாடுகளில் மந்தை மந்தையாகச் சோதித்து, தொற்றிய மாட்டை அறுத்து, சொந்தக்காரருக்கு நட்டஈடு கொடுத்து நோயை விரட்டியிருக்கிறார்கள். சித்தப்பாவிடம் போய் அறுக்கக் கொடு என்று யார் சொல்வது? அவர் கும்பிடுகிற மாடு அது. கடன் வாங்கி வாங்கிய மாடும் அதுதான். இதற்கிடையில் அதே தரகர் வந்தார். “குடுங்கோ அண்ணை, நான் ஒரு இடம் பார்த்து மாத்திவிடுறன்” என்றார். இப்படித்தான் நோய் ஊர் ஊராகப் போகிறது. வெள்ளைச்சி எங்கள் வளவுக்கு வந்ததும் இப்படித்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கோ ஓர் ஏழை, தன் மந்தையில் மாடுகள் கன்று வீசத் தொடங்கியதும், நட்டம் தாங்க முடியாமல் இதைச் சினையோடு விற்றிருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நட்டத்தை அவர் தனியாளாகத் தாங்க வேண்டியதில்லை. மாட்டை விற்காமல் தகவல் சொல்பவருக்கு மாட்டின் விலை கையில் கிடைத்தால், நாலு பேரின் ஆஸ்பத்திரிச் செலவு மிஞ்சும். இதை அரசாங்கம்தான் செய்ய முடியும்.

சித்தப்பா விற்கவில்லை. வெள்ளைச்சியைத் தனிக் கொட்டிலில் கட்டிப் பால் வற்ற விட்டு, இனிச் சினைக்கு விடாமல் வைத்திருக்கிறார். இது முழுத் தீர்வு இல்லை என்று மிருக வைத்தியர் சொன்னார், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கிடாரிக் கன்றுகளுக்கு எஸ்-19 என்ற தடுப்பூசி இருக்கிறது. மூன்று முதல் எட்டு மாதத்துக்குள் ஒருமுறை போட வேண்டும். அதிலிருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி என்பதால், போடுபவரின் கையில் ஊசி குத்திவிடாமல் பார்க்க வேண்டும். கொட்டிலில் இப்போது நீண்ட கையுறை, சுண்ணாம்பு மூட்டை, மண்வெட்டி எல்லாம் ஒரு மூலையில் தயாராக இருக்கின்றன. இனி ஆலமரம் இல்லை, ஆழக்குழிதான். சின்னம்மாவுக்கு அதில் இன்னும் மனம் ஒப்பவில்லை.

லாப்பில் வேலை செய்பவள் என்ற முறையில் டொக்டர்மாரிடம் ஒன்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் லாப்புக்கு அனுப்பும் பரிசோதனைத் துண்டில் எழுதிவிடுங்கள். ‘மாடு வளர்ப்பவர், நீடித்த காய்ச்சல்’, இவ்வளவு போதும். உலகம் முழுக்க லாப் ஊழியர்களுக்கு அதிகம் தொற்றும் கிருமிகளில் இதுவும் ஒன்று. மூச்சோடு உள்ளே போகும், மிகக் கொஞ்சம் போனாலும் போதும். சீனாவின் லன்சோ நகரில் 2019இல் மிருகத் தடுப்பூசி செய்யும் ஒரு தொழிற்சாலையின் கழிவுக் காற்றில் கிருமி வெளியேறி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. கிருமி வளரவும் மெதுவானது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் கிருமி வளர்க்கும் தட்டைச் சீக்கிரம் எறியாமல் வைத்திருப்போம், மூடிய பெட்டிக்குள் வைத்துத் திறப்போம். தெரியாவிட்டால் மேசையில் வைத்துத் திறந்துவிடுவோம்.

எலிக்காய்ச்சலுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். 2008இல் இந்த நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எலிக்காய்ச்சல் என்று பதிவானார்கள். வயலில் இறங்கினீர்களா என்று இப்போது கேட்கிறார்கள், நல்லது. மாட்டு மூத்திரத்திலும் அந்தக் கிருமி வரலாம். கொட்டில் கழுவுகிறவரையும் கேட்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை ஆறு வாரம், கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. குளிசை வயிற்றைப் புரட்டியது. இடையில் காய்ச்சல் நின்றதும் நிறுத்தப் பார்த்தார், சின்னம்மா விடவில்லை. பாதியில் நிறுத்தியவர்களுக்குத்தான் அதிகம் திரும்ப வருகிறது. இப்போது காய்ச்சல் இல்லை. நீண்டநேரம் இருந்தால் இடுப்பு வலிக்கிறது, அது போக நாளெடுக்குமாம். கிளினிக் தொடர்கிறது. பால் குடித்த பிள்ளைகளில் யாருக்கும் எதுவும் இல்லை.

பதுளைப் பெடியன் மட்டும்தான் மிச்சம். சித்தப்பாவுக்கு இன்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே அவன் தனக்கும் உடம்பு சரியில்லை என்று தோட்டத்துக்குப் போய்விட்டான். நாள் சம்பளக்காரன், கொழும்பில் படுத்திருந்து என்ன செய்வான்? அவனுடைய பழைய நம்பர் வேலை செய்யவில்லை. ஹெந்தளைச் சில்லறைக் கடையில் வேலை செய்யும் அவன் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு, அவன் அக்காவின் போனில் பிடித்தேன். அவனுக்கும் பின்னேரக் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்திருக்கிறார்கள். “மாடு தொட்டதை எல்லாம் அங்க யாரு அக்கா கேக்கப் போறாங்க” என்றான்.

அதனால் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு துண்டு எழுதிப் படமெடுத்து அவன் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘கன்று வீசிய மாட்டின் கொடியை வெறுங்கையால் தூக்கியவர். அதே கொட்டிலில் இருந்த இன்னொருவருக்குப் புரூசெல்லோசிஸ் உறுதியாகியிருக்கிறது. தயவுசெய்து அதற்கு இரத்தம் சோதிக்கவும்.’ பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் வாய் திறக்க முன்னம் அதைக் காட்டச் சொன்னேன். பஸ்ஸுக்குச் சித்தப்பா காசு அனுப்பினார். திங்கட்கிழமை இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.